எல்லாப் பருவத்துக்கும் ஏற்ற டயர்

ஆர்விட் லெப்பானென் திட்டம் போட்டுப் பொய் சொல்லவில்லை. வாய் முந்திக்கொண்டது, அவ்வளவுதான்.

ஜனவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. நார்த் ஷாஃப்ட் ஊர்த் தேவாலயத்தில் ஆராதனை முடிந்து, கீழ்த்தளத்தில் எல்லோரும் காபிக் கோப்பையும் கையுமாக நின்றுகொண்டிருந்தார்கள். அமெரிக்காவின் வட எல்லையிலுள்ள சுப்பீரியர் ஏரி தன் வழக்கப்படி வானத்துக்கு அனுப்பிய ஈரத்தை, வானம் தன் வழக்கப்படி பனியாக ஊரின் தலையில் கொட்டிக்கொண்டிருந்தது. அந்த ஊரில் பாதி வருஷம் பனி பெய்யும். மீதி வருஷம் அதைப் பற்றிப் பேசுவார்கள். லோர்னா ட்ரெவாரோவின் கார், ஊர் மெக்கானிக் டுவேனுடைய பட்டறையில் படுத்துக் கிடந்தது. ஏதோ ஒரு உதிரிபாகம் டெட்ராய்ட்டிலிருந்து வர வேண்டுமாம், வந்தபாடில்லை. இதுதான் சமயம் என்று ஆர்விட் மெல்ல நகர்ந்து போய், "உங்க வண்டி சரியாகற வரைக்கும் நானே உங்களைக் கூட்டிட்டுப் போய்க் கூட்டிட்டு வரேனே" என்று கேட்டுவிட்டார். அதைக் கேட்பதற்குள் காபி ஆறிப்போயிருந்தது.

லோர்னா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"குளிர்கால டயர் போட்டிருக்கீங்களா?"

"ஓ, போட்டாச்சே!"

போடவில்லை. போட வேண்டும் என்று நினைத்ததுகூட இல்லை. போன கோடையில் தெற்கே போய் வாங்கிய கார் அது. விற்றவன் டயரைக் காலால் தட்டிக்காட்டி, "ஆல்-சீசன், சார். வெயில், மழை, பனி எல்லாத்துக்கும் ஆகும்" என்றான். அவன் ஊரில் பனி என்றால் வருஷத்துக்கு ஒருமுறை வந்து, குழந்தைகளுக்குப் பள்ளி விடுமுறை கொடுத்துவிட்டுப் போகிற விருந்தாளி. அதை ஆர்விட் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. காரணம், டயரைப் பற்றி அவருக்கு ஒரு கொள்கை இருந்தது. முப்பது வருஷம் பேக்கரி வண்டி ஓட்டி, எந்தப் புயலிலும் ஊருக்கெல்லாம் ரொட்டி கொண்டுபோய்ச் சேர்த்தவர். ஒருநாளும் சறுக்கியதில்லை. "டயரா ஓட்டுது? கைதான் ஓட்டுது" என்று பத்து விரலையும் விரித்துக் காட்டுவார். அந்தக் கையை ஊரில் பார்க்காதவர்கள் கிடையாது.

லோர்னாவிடம் மட்டும் அந்தக் கை எடுபடாது என்று அவருக்குத் தெரியும். லோர்னா ஓய்வு பெறும்வரை ஊரின் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் முன்மேஜையில் உட்கார்ந்திருந்தவர். காரை இடித்தவர்கள், கவிழ்த்தவர்கள், பக்கத்து வீட்டு வேலியைப் பிய்த்துக்கொண்டு போனவர்கள் எல்லோரும் அவர் எதிரில் உட்கார்ந்துதான் கதை சொல்ல வேண்டும். வாழ்நாளெல்லாம் சாக்குப்போக்கு கேட்டே புளித்துப்போனவர், தான் மட்டும் ஒரு சாக்கும் சொல்லாமல் வாழ்ந்தார். புதுப் போதகரிடம், பிரசங்கத்தில் பாதியை வெட்டினால் மீதி நன்றாயிருக்கும் என்று முதல் வாரமே சொன்னார். தேவாலயத்துச் சமையலை முன்னின்று நடத்தும் பெர்னிஸ் சுட்ட பேஸ்டி என்கிற இறைச்சிப் பணியாரத்தைக் கடித்துப் பார்த்து, இந்த மாவில் செருப்பு தைக்கலாம் என்றார். லோர்னா சொன்னது பொய் என்று ஊரில் யாரும் சொன்னதில்லை. கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருக்கலாம் என்றவர்கள் உண்டு.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை, மீன் வறுவல் சாப்பிடும்போது, ஆர்விட் சுற்றி வளைத்து ஒரு பேச்சை எடுத்திருந்தார். தனியாக இருப்பது பற்றி, சேர்ந்து இருப்பது பற்றி, அறுபதைத் தாண்டினாலும் காலம் கடந்துவிடவில்லை என்பது பற்றி. லோர்னா மீன் முள்ளை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, "அழகு வேண்டாம், வசதி வேண்டாம் ஆர்விட். செஞ்சதைச் செஞ்சேன்னு சொல்ற ஆளா இருந்தாப் போதும். அப்படி ஒருத்தரை இன்னும் பார்க்கல" என்றார். ஆர்விட் அன்றிரவு வீடுவரை விசிலடித்துக்கொண்டே போனார். நம்மைத்தான் சொல்கிறாள் என்று நினைத்தார். ஒரு மாதத்துக்குள் இப்படி 'போட்டாச்சே' என்று வாயை விட்டுவிட்டு நிற்கிறார்.

இளவயதில் கல்யாணம் செய்துகொள்ள மறந்துபோன மனிதர் அவர். அதை ஒரு குறையாக யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் சவுனா என்கிற நீராவிக் குளியலறையில் சூடான கல்மேல் தண்ணீரை ஊற்றிவிட்டு, 'சூடு போதுமா?' என்று கேட்க எதிரில் ஒரு ஆள் இல்லாமல் இருப்பது அவருக்குச் சில காலமாகத் தாங்க முடியாததாக இருந்தது. போன மாதம் ஒருநாள் சத்தமாகக் கேட்டே விட்டார். அடுப்புதான் பதில் சொல்லாமல் எரிந்தது.

மறுநாள் திங்கட்கிழமை காலை முதல் வேலையாக டுவேனின் பட்டறைக்குப் போனார். டுவேன் அவரோடு பள்ளியில் படித்தவர். ஊருக்கு டயர் மாட்டுவதும் அவர்தான். பள்ளத்தில் இறங்கிய காரை லாரியில் கட்டி இழுப்பதும் அவர்தான்.

"வாடா மாப்ளே! பொண்ணோட கார் இன்னும் ரெடியாகல."

"அதுக்கு வரல. எனக்குக் குளிர்கால டயர் வேணும். நாலு. இன்னைக்கே."

டுவேன் சிரித்த சிரிப்பில் தொப்பி கழன்று எண்ணெய்த் தட்டில் விழுந்தது.

"இது என்ன மாசம்னு தெரியுமாடா? நவம்பர்ல ஊரே இங்க வரிசையில நின்னுச்சு. நீயும் மாத்திக்கடான்னேன். நீ மட்டும் கண்ணாடிக்கு வெளியில நின்னு பத்து விரலையும் காட்டிட்டுப் போனே."

"பழசையெல்லாம் எதுக்குடா கிளறுற? இருக்கா, இல்லையா?"

"உன் சைஸ்ல ஒண்ணுகூட இல்ல. இன்னைக்கே சொல்லி விட்டாலும் ஏப்ரல்லதான் வரும்."

"ஏப்ரல்ல வந்து என்ன பிரயோஜனம்?"

"ஏன், ஏரிக்கரையில போட்டு அதுமேல உக்காந்து மீன் பிடி."

ஆர்விட் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டார். பிறகு வழக்கம்போல நெஞ்சை நிமிர்த்தினார். "பரவாயில்ல விடு. முப்பது வருஷம் ரொட்டி வண்டி ஓட்டினவன். எந்த டயர்ல சறுக்கினேன்?"

டுவேன் தொப்பியை எடுத்துத் துடைத்தார். நண்பனை ஒருமுறை பரிதாபமாகப் பார்த்தார்.

"டேய், உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். ஒவ்வொரு நவம்பரும் உங்க பேக்கரி வண்டிக்கெல்லாம் குளிர்கால டயர் மாட்டினது யார்னு நினைச்சே?"

"யாரு?"

"நாந்தாண்டா. ஞாயித்துக்கிழமை ராத்திரி வண்டியை இங்க விட்டுட்டுப் போவாங்க. திங்கக்கிழமை காலையில நீ வந்து விசிலடிச்சுட்டு எடுத்துட்டுப் போவே."

"எங்கிட்ட யாரும் சொல்லலையேடா!"

"நீ கீழ குனிஞ்சு பார்க்கலையே."

முப்பது வருஷப் பெருமை. அத்தனையும் டுவேனின் பட்டறையில் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி மாட்டிக் கொடுத்த பெருமை. அவர் தன் இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

டுவேன் அவரை வெளியே கூட்டிப்போய் அவருடைய டயரில் கட்டைவிரல் நகத்தை வைத்து அழுத்தச் சொன்னார். கல் மாதிரி இருந்தது. பக்கத்தில் வேறு யாருடையதோ ஒரு குளிர்கால டயர். அதில் நகம் கொஞ்சம் பதிந்தது.

"பார்த்தியா? உன்னோடது பிரிட்ஜ்ல வச்ச வெண்ணெய். குளிர் ஏற ஏற இறுகிப்போகும், அப்புறம் எதையும் பிடிக்காது. அதோட வரிப்பள்ளத்துல பனி அடைஞ்சா அடைஞ்சதுதான், உதறாது. இது இளக்கமா இருக்கும், தரையைக் கவ்வும்."

"ஆனா கிளம்பறப்ப நல்லாத்தானேடா கிளம்புது?"

"கிளம்பறதுக்கு எஞ்சின் இருக்கு. நிக்கறதுக்கு டயரை விட்டா வேற என்ன இருக்கு?" டுவேன் அவர் தோளில் கை போட்டார். "பேசாம அந்தம்மாகிட்ட உண்மையைச் சொல்லிடு. ஒரு நிமிஷம் திட்டுவாங்க."

"லோர்னாவா? ஒரு நிமிஷமா?"

"சரி, ஒரு வாரம். அப்புறம் சரியாயிடும்."

சொல்லிவிடுவது என்றுதான் ஆர்விட்டும் முடிவெடுத்தார். முடிவெடுத்துவிட்டு, ஒரு முன்னெச்சரிக்கைக்காக, காரின் டிக்கியில் நான்கு மணல் மூட்டைகளை ஏற்றிக்கொண்டார். பின்பாரம் இருந்தால் வண்டி சறுக்காது என்பது அவர் நினைப்பு. அந்தக் காரை இழுப்பது முன்சக்கரம். பின்னால் மூட்டை அழுத்த அழுத்த முன்சக்கரம் இன்னும் லேசாகியது. ரொட்டி வண்டியில் பின்சக்கரம் இழுத்தது; கார் மாறினாலும் புத்தி மாறவில்லை.

முதல் நாள் லோர்னா காரில் ஏறுவதற்கு முன் பூட்ஸைத் தட்டிவிடக் குனிந்தார். கொஞ்ச நேரம் குனிந்தே இருந்தார். பிறகு நிமிர்ந்து, ஒன்றும் சொல்லாமல் ஏறி உட்கார்ந்தார்.

லோர்னாவின் வீடு குன்றின் மேலே. தேவாலயமும் மளிகைக் கடையும் தபால் நிலையமும் குன்றின் அடியில். நடுவில் செங்குத்தாக ஒரு தெரு. மற்றவர்கள் அதில்தான் போய் வருவார்கள். ஆர்விட் மட்டும் குன்றின் பின்பக்கமாக, ஏரியை ஒட்டி வளைந்து, சமதரை போல மெல்ல ஏறும் சாலையில் ஊரைச் சுற்றிக்கொண்டு போனார்.

"எதுக்கு இப்படிச் சுத்தறீங்க?"

"ஏரி அழகா இருக்குமேன்னு."

லோர்னா ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். பனிக்காற்றில் ஏரியும் தெரியவில்லை, கரையும் தெரியவில்லை, காரின் மூக்கே மங்கலாகத்தான் தெரிந்தது.

"ஆமா," என்றார். "ரொம்ப அழகு."

இப்படியே நாட்கள் ஓடின. டெட்ராய்ட்டிலிருந்து உதிரிபாகமும் வரவில்லை. அந்த டயரைக் குறை சொல்லவும் முடியவில்லை. பனி வழிக்கும் லாரி முன்னால் போய், சாலையில் மணலும் தூவிவிட்ட நாட்களில் அது சமர்த்துப் பிள்ளையாக ஓடியது. விஷமமே அதில்தான் இருந்தது. கிளம்பியது, திரும்பியது, மெதுவாகப் போனால் நின்றது. நான்கு நாள் நல்லபடியாகப் போனதும் ஆர்விட்டுக்குப் பழைய தைரியம் எட்டிப்பார்த்தது. டுவேனுக்கு டயர் விற்கிற ஆசை, அதனால்தான் அப்படிப் பேசுகிறான் என்றுகூட ஒருநாள் நினைத்துக்கொண்டார். அன்றைக்கு மாலையே மளிகைக் கடை வாசலில் நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டி, தள்ளுவண்டிகளின் நடுவில் போய் நின்றார். "கடை வாசலுக்குப் பக்கத்துல விட்டா உங்களுக்கு நடக்கற வேலை மிச்சம்" என்றார் லோர்னாவிடம். லோர்னா நன்றி சொன்னார். அந்த நன்றியில் ஏதோ இருந்தது. ஆனால் அதை ஆராய அவருக்குத் துணிவில்லை.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறக்காத நாளில்லை.

"லோர்னா, உங்ககிட்ட ஒரு விஷயம்..."

"சொல்லுங்க."

"இல்ல... ஹீட்டர் போதுமா?"

"போதும்."

அடுத்த நாள்:

"லோர்னா, நான் ரொம்ப நாளா சொல்லணும்னு..."

"சொல்லுங்க ஆர்விட்."

"ஹீட்டர் அதிகமா இருக்கா?"

"நேத்து இருந்த அளவுதான் இருக்கு."

லோர்னா ஒவ்வொரு தடவையும் 'சொல்லுங்க' என்று சொல்லிவிட்டுக் கையுறையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். அந்தக் காத்திருப்பைப் பார்த்தால் ஆர்விட்டின் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். கோழை என்றால் இவரைத்தான் சொல்ல வேண்டும். ஒரு வரி. 'டயர் மாத்தல' என்ற ஒரு வரி. அதை விழுங்கி விழுங்கியே பிப்ரவரியின் கடைசிச் சனிக்கிழமை வரை வந்துவிட்டார்.

அன்று தேவாலயத்தில் பேஸ்டி விற்பனை. விடியும்போதே பெண்கள் கீழ்த்தளத்தில் கூடி, மாவு தேய்த்து, உள்ளே வைக்க இறைச்சியும் உருளைக்கிழங்கும் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். டர்னிப் கிழங்கை வீட்டிலேயே நறுக்கிக் கொண்டுவரும் பொறுப்பு லோர்னாவுடையது. டர்னிப் இல்லாத பேஸ்டியை அந்த ஊரில் யாரும் பேஸ்டி என்று ஒப்புக்கொள்வதில்லை. ஆர்விட் போய்ச் சேர்ந்தபோது லோர்னா டர்னிப் துண்டுகள் நிறைந்த இரண்டு பெரிய பைகளோடு தன் வீட்டு வாசலில் நின்றார். ஏறி உட்கார்ந்ததும் வானொலி சொன்னது: காற்றில் பனி குவிந்து ஏரிச் சாலை மூடப்பட்டுவிட்டது. ஆர்விட் அந்த வழியாகத்தான் வந்திருந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் அது மூடிக்கொண்டுவிட்டது.

இனி ஒரே வழி, செங்குத்துத் தெரு.

லோர்னா பைகளை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டார். "தெரு வழியாப் போலாமா? உங்க டயர் நல்ல டயர்தானே?"

கேட்டுவிட்டுக் காத்திருந்தார். இதைவிடப் பெரிய கதவை ஒருவருக்கு யாரும் திறந்து வைக்க முடியாது. நடந்து போனால் பத்து நிமிஷம். ஆளுக்கு ஒரு பை. ஆர்விட் கண்ணாடி வழியாக அந்த இறக்கத்தைப் பார்த்தார். போகிற வருகிற கார்கள் எல்லாம் தேய்த்துத் தேய்த்து, அது பீங்கான் தட்டு மாதிரி மின்னியது.

"அதுக்கென்ன," என்றார்.

பாதித் தெருவரை எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கீழே நிறுத்தப் பலகை தெரிந்ததும் ஆர்விட் பிரேக்கை மிதித்தார். பிரேக் காலடியில் கடகடவென்று பல்லைக் கடித்தது. கார் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவசரப்படவுமில்லை. நடைபயிற்சிக்குப் போகிற ஆள் மாதிரி நிதானமாக இறங்கியது. ஆர்விட் ஸ்டியரிங்கை வலப்பக்கம் திருப்பினார். சக்கரம் திரும்பியது, கார் திரும்பவில்லை. இடப்பக்கம் திருப்பினார், இப்போது கார் திரும்பியது, ஆனால் பின்பக்கம் முதலில் போக ஆசைப்பட்டது. மணல் மூட்டைகள் அந்த ஆசைக்கு ஒத்தாசை செய்தன. நிறுத்தப் பலகை ஒருதரம் முன்கண்ணாடியில் போனது, ஒருதரம் பின்கண்ணாடியில் போனது. ஆர்விட் ஃபின்னிஷ் மொழியில் ஒரு வார்த்தை சொன்னார். அவர் அப்பா படகு கவிழ்ந்தபோது சொன்ன வார்த்தை அது. முழுசாக ஒரு சுற்றுச் சுற்றி, யார்மேலும் மோதாமல், தேவாலயத்தின் கீழ்த்தள ஜன்னல்களுக்கு நேர் எதிரே பள்ளத்தில் இறங்கி, பனிக் குவியலில் முகம் புதைத்துக் கார் நின்றது. டர்னிப் துண்டுகள் காரெல்லாம் சிதறிக் கிடந்தன. லோர்னாவின் தொப்பிமேலும் இரண்டு.

ஆர்விட் எஞ்சினை அணைத்தார்.

"அடி ஒண்ணும் படலையே லோர்னா?"

"இல்ல."

"லோர்னா, இந்த டயர்..."

"தெரியும்."

"தெரியுமா?"

"குளிர்கால டயர்னா அதோட பக்கவாட்டுல ஒரு மலைப்படமும் அதுக்குள்ள ஒரு பனிப்பூவும் இருக்கும். உங்களுதுல இல்ல. முதல் நாளே குனிஞ்சு பார்த்தேன்."

ஆர்விட் அவர் பக்கம் திரும்பினார். "பின்ன ஏன் ஏறினீங்க?"

"நீங்க சமதரையாப் பார்த்துத்தானே ஓட்டினீங்க. சரி, இன்னைக்குச் சொல்லுவாரு, நாளைக்குச் சொல்லுவாருன்னு பார்த்தேன்." தொப்பியிலிருந்து ஒரு துண்டை எடுத்தார். "ஹீட்டரைப் பத்தித்தான் நிறையச் சொன்னீங்க."

அதற்குள் கீழ்த்தளத்திலிருந்து பெண்கள் மாவுக் கையோடு ஓடி வந்துவிட்டார்கள். முன்னால் பெர்னிஸ். பேஸ்டி வாங்க வரிசையில் நின்றவர்கள் பின்னால். டுவேனின் லாரி எங்கிருந்தோ மூக்கில் வியர்த்த மாதிரி வந்து நின்றது. ஆர்விட் கதவைத் தள்ளித் திறந்து, முட்டியளவு பனியில் இறங்கி நின்றார். மறுபக்கம் லோர்னா இறங்கினார். இருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பதைப் பெர்னிஸ் ஒரே பார்வையில் பார்த்துக்கொண்டார். பிறகு கேட்க வேண்டியதைக் கேட்டார்.

"மானா?"

அந்த ஊர் மரியாதை அப்படி. கார் பள்ளத்தில் இறங்கினால் 'எப்படி ஆச்சு' என்று யாரும் கேட்பதில்லை. 'மானா?' என்றுதான் கேட்பார்கள். அது கேள்வியே அல்ல. பதிலை எடுத்துக் கையில் கொடுப்பது. விழுந்தவர் 'மான்தான், திடீர்னு குறுக்க வந்துடுச்சு' என்று சொல்லிவிட்டால் போதும். எல்லோரும் தலையாட்டுவார்கள், யாராவது காபி கொண்டுவருவார்கள், விஷயம் முடிந்தது. வேகமாக ஓட்டியவர், தூங்கியவர், பாட்டிலோடு வந்தவர் எல்லோரையும் காப்பாற்றியது அந்த மான்தான். லோர்னா அலுவலகத்தில் தன் கைப்படப் பதிந்த மான்களையெல்லாம் நிஜமென்று எடுத்துக்கொண்டால், அந்த மாவட்டத்தில் மரத்துக்கு ஒரு மான் நின்றிருக்க வேண்டும்.

ஆர்விட்டின் நாக்கு நுனிவரை மான் வந்துவிட்டது. டுவேன்கூட, சொல்லித் தொலை என்பது போலக் கண்ணைக் காட்டினார். ஆர்விட் காரின் மேற்கூரைக்கு அந்தப் பக்கம் பார்த்தார். லோர்னா கையுறையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். காரில் 'சொல்லுங்க' என்று சொல்லிவிட்டுக் காத்திருப்பாரே, அதே முகம்.

"மான் இல்ல," என்றார் ஆர்விட்.

வரிசையில் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மானும் இல்ல, ஒண்ணும் இல்ல. டயர். ஆல்-சீசன் டயர். நவம்பர்ல டுவேன் சொன்னான், மாத்தல. எல்லாம் என் கையில இருக்குன்னு திமிர். ரொட்டி வண்டியில நான் சறுக்காததுக்கும் இந்தக் கை காரணமில்ல, அது டுவேன் மாட்டின டயர்." லோர்னா பக்கம் கையைக் காட்டினார். "லோர்னாகிட்ட டயர் மாத்திட்டேன்னு பொய் சொன்னேன். ரெண்டு மாசமா பொய்யிலயே ஓட்டினேன். இன்னைக்கு அவங்களைக் கொண்டுவந்து பள்ளத்துல இறக்கிட்டேன். அவ்வளவுதான்."

பாராட்டுவார்கள் என்று நினைத்தால் தப்பு. கூட்டம் சங்கடத்தில் நெளிந்தது. ஒருவர் பூட்ஸைப் பார்த்தார், ஒருவர் வானத்தைப் பார்த்தார். பெர்னிஸின் முகம் சிவந்தது.

"ஏம்பா ஆர்விட், என்ன பேச்சுப் பேசற? மான் இல்லைன்னா என்ன அர்த்தம்? அப்ப போன வருஷம் நான் பார்த்த மானு?"

"உங்க மானைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலையே அக்கா."

"சொல்லாமலே சொல்லிட்டியே! இவன் ஒருத்தன் யோக்கியன், நாங்கல்லாம் பொய் சொன்னவங்களா?" பெர்னிஸ் இடுப்பில் கைவைத்தார், கோட்டில் இரண்டு வெள்ளைக் கை பதிந்தது. "லோர்னா, நீதான் பக்கத்துல உக்காந்திருந்தே. நீ சொன்னா ஊரே ஒத்துக்கும். சொல்லு, மான் இருந்துச்சா, இல்லையா?"

எல்லோரும் லோர்னாவைப் பார்த்தார்கள். ஆர்விட் பார்க்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டார். போதகரின் பிரசங்கத்தையே பாதியாக வெட்டச் சொன்னவர் இப்போது என்ன சொல்வார் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

லோர்னா கையுறையை நிதானமாக மாட்டிக்கொண்டார். ஒவ்வொரு விரலாக.

"இருந்துச்சு," என்றார்.

ஆர்விட் தலையை நிமிர்த்தினார்.

"ஆர்விட் ரோட்டைப் பார்த்துக்கிட்டிருந்தார், அதான் அவர் கண்ணுல படல. நான் பார்த்தேன். பெரிய மான். இந்தா, இவ்வளவு கொம்பு." இரண்டு கையையும் தலைக்குமேல் அகல விரித்தார். "பன்னெண்டு கிளை இருக்கும்."

கிறிஸ்துமஸ் கழிந்து கொஞ்ச நாளில் அந்தக் காட்டு மான்களுக்குக் கொம்பு உதிர்ந்துவிடும். பிப்ரவரிக் கடைசியில் மொட்டைத் தலையோடுதான் திரியும். இது அங்கே தொட்டிலில் கிடக்கிற பிள்ளைக்கும் தெரியும். கூட்டத்தில் வேட்டைக்குப் போகாதவர் ஒருவரும் இல்லை. பெர்னிஸ் தன் கையால் சுட்ட மானின் தலையை வரவேற்பறையில் மாட்டி வைத்திருப்பவர். லோர்னாவுக்கும் தெரியும். தெரிந்துதான் சொன்னார். ஒருநாளும் பொய் சொல்லாத மனுஷி, ஊர் நடுவில் நின்று, ஒருத்தரும் நம்ப முடியாத பொய்யாகப் பார்த்து எடுத்துச் சொன்னார்.

பெர்னிஸ் அந்தப் பன்னிரண்டு கிளையையும் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழாமல் வாங்கிக்கொண்டார். லோர்னாவை ஒருதரம் பார்த்தார், ஆர்விட்டை ஒருதரம் பார்த்தார்.

"பன்னெண்டு கிளைன்னா," என்றார், "யாராயிருந்தாலும் பள்ளத்துலதான் இறங்கியிருப்பாங்க."

"என் அப்பா காலத்துல அப்படி ஒண்ணு பார்த்ததாச் சொல்லுவார்," என்றார் டுவேன், சங்கிலியைக் காரின் அடியில் மாட்டிக்கொண்டே. தலையை வெளியே எடுக்கவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. வரிசையில் நின்றவர்கள் தலையாட்டினார்கள். யாரோ காபி கொண்டுவந்தார்கள். பெண்கள் சிதறிய டர்னிப்பைப் பொறுக்கிக் கழுவ எடுத்துக்கொண்டு உள்ளே போனார்கள்.

ஆர்விட் காபியைக் கையில் வைத்துக்கொண்டு அழுதார். அறுபத்திரண்டு வயது மனுஷன், பனியில் நின்று, மறைக்காமல் அழுதார். லோர்னா அவர் பக்கத்தில் வந்து, மிச்சமிருந்த ஒரு பையை அவர் தோளில் மாட்டினார்.

"எனக்காகப் பொய் சொல்லிட்டீங்களே லோர்னா."

"கட்டிக்கப்போற ஆளை ஊர் முன்னாடி விட்டுக்கொடுக்கச் சொல்றீங்களா?" லோர்னா கொஞ்சம் யோசித்தார். முதல்தரம் செய்கிற வேலை, அவருக்கே நிச்சயமில்லை. "கொம்புதான் கொஞ்சம் அதிகமாப் போயிடுச்சோ?"

"ரொம்ப," என்றார் ஆர்விட், மூக்கைத் துடைத்துக்கொண்டே.